நாற்பத்தொன்று மேலே, ஒன்று கீழே

"மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்" என்று சிதம்பரத்தைப் பற்றி இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கண்ணால் கண்டதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயர் அவர் தலையில் எப்படி விழுந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

அவர் விருதுநகர்க்காரர். அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. மதுரையில் பௌதிகம் படித்து, 1962இல் உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்கு வந்தார். மூன்று வருடத்தில் முனைவர் பட்டத்தோடு ஊர் திரும்புவதாகத் திட்டம். ஆனால் அவர் சேர்ந்த இடத்தில் அவருடைய மூளையைவிடக் கண் பெரிதாகத் தேவைப்பட்டது. ஹம்பேர்க்கின் அல்டோனா பகுதியில் ஒரு அறக்கட்டளை நடத்திய சிறிய நிலநடுக்க ஆய்வகம் அது. பேராசிரியர் ஹோல்ட்கம்ப் அதன் தலைவர். "அடுத்த வருடம் உங்கள் ஆய்வேட்டைப் பார்க்கலாம், இந்த வருடம் தாள்களைப் படித்து முடியுங்கள்" என்று ஆறு வருடம் சொன்ன மனிதர்.

நான் அசோகன், சாவகச்சேரியான். புகைப்படத் தொழிலில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்ய வந்து, முடித்ததும் அந்த ஆய்வகத்தின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தொலைதூர நிலையங்களில் நிலநடுக்கக் கருவிகள் ஒளிபடும் தாளில் கோடு வரையும். அந்தத் தாள்கள் தகர டப்பாக்களில் கப்பலேறி வரும். மருந்துத் தண்ணீரில் கழுவி எடுத்தால் கோடுகள் தெரியும். கழுவுவது நான், படிப்பது அவர். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைப் பெயர் சொல்லி, ஆனால் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

படிப்பது என்றால் என்ன? தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் கடலடித் தரை கண்டத்துக்குக் கீழே நுழைந்து இறங்குகிறது. உலகம் அதை அப்போதுதான் முணுமுணுத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தது. இறங்கும் வழியில் சிக்கிக்கொண்ட பாறை வருடக்கணக்கில் விறைத்து நிற்கும், ஒரு நாள் விடுபடும். எந்தப் பிளவு உயிரோடு இருக்கிறது, அது அமுங்குகிறதா விரிகிறதா என்று கண்டுபிடித்து, கரையை மூன்று நிறமாகப் பிரித்து வரைபடம் போடுவது ஆய்வகத்தின் வேலை. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் மிதம், பச்சை என்றால் பயமில்லை. இதற்கெல்லாம் அடிப்படை ஒரு சின்ன விஷயம்தான். நடுக்கம் ஒரு நிலையத்தை எட்டும்போது கோட்டின் முதல் அசைவு மேலே போகிறதா, கீழே போகிறதா? பல நிலையங்களின் மேலையும் கீழையும் சேர்த்து வைத்தால் பிளவு நகர்ந்த விதம் தெரிந்துவிடும்.

அந்த முதல் அசைவு சில சமயம் தலைமுடி அளவுதான் இருக்கும். சிதம்பரம் இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகளால் மற்றக் கோடுகளை மறைத்து, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தாளின் ஓரத்தில் நிலையத்தின் பெயர் இருக்கும் பகுதியை நான் மடித்துக் கிளிப் போட்டுத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். எந்த ஊர்த் தாள் என்று தெரியாமல் படிக்க வேண்டும் என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட சட்டம். ஊர் தெரிந்துவிட்டால் கண் தான் எதிர்பார்ப்பதைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. "உங்களோடை ஏலாது அண்ணை" என்று சலித்துக்கொண்டே மடிப்பேன்.

1967இல் அவர் மனைவி கனகவல்லி வந்தார். கணக்கில் பட்டம் பெற்றவர். அடுத்த வருடம் கண்மணி பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்-பான் ரயிலில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். கனகவல்லி அக்கா சமைப்பார், நான் அந்தச் சமையலறையில் நின்று கத்துவேன். பேராசிரியர் ஆய்வேட்டைத் தள்ளிப்போடுவது, ஆய்வகம் போட்ட புத்தகத்தில் சிதம்பரத்தின் பெயரைப் போடாதது, என்னை 'இருட்டறைப் பையன்' என்று கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் கத்துவேன். "இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு அந்தாளை நேரிலை நாலு கேள்வி கேக்கிறனோ இல்லையோ பாருங்கோ அக்கா" என்பேன். சிதம்பரம் சிரிப்பார். அக்கா அடுப்பிலேயே கண்ணாக இருப்பார்.

1968 வசந்தத்தில் அமெரிக்கப் பாலைவனத்தில் நிலத்துக்கடியில் ஒரு பெரிய அணுகுண்டை வெடித்தார்கள். ஆய்வகத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சிதம்பரத்துக்கு மட்டும் ஒரு யோசனை. வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும். ஆகவே உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் முதல் அசைவு மேலே போக வேண்டும், கீழே போக வழியே இல்லை. அந்த நாளின் தாள்கள் கப்பலில் வந்துசேர இலையுதிர்காலம் ஆகிவிட்டது. கோடு தெளிவாகத் தெரிந்தவை நாற்பத்திரண்டு. வழக்கம்போல ஓரத்தை மடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்கப் படித்தார். நாற்பத்தொன்று மேலே, ஒன்று கீழே.

"அசோகன், இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். கிளிப்பை எடுத்துக் காட்டினேன். புவேர்ட்டோ அல்மாரா. கரையோரத்துச் சிறு துறைமுகம்.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஒயரைத் தலைகீழா கனெக்ட் பண்ணியிருக்காங்க" என்றார். "அஞ்சு வருஷமா அங்க மேலே போனதெல்லாம் நமக்குக் கீழேன்னு வந்திருக்கு. அந்த ஊருக்கு அடியில வர்ற சின்ன நடுக்கத்துக்கெல்லாம் இந்த ஒரு ஸ்டேஷன்தானே கிட்ட இருக்கு? நாம விரியற பிளவுன்னு போட்டது அமுங்குற பிளவு. மெயின் பிளவோட ஒரு பகுதி. அது பூட்டிக்கிட்டு நிக்குது."

வரைபடத்தில் அந்த ஊர் மஞ்சள். சிவப்பாக இருந்திருக்க வேண்டும். அந்த மஞ்சளை நம்பி ஜெர்மானிய உதவியோடு அங்கே ஆற்று முகத்துவாரத்து மணலில் நான்கு மாடி ஆஸ்பத்திரி கட்டப்போகிறார்கள். வரைபடத்தில் நிறம் மாறினால் இடமும் மாறும், கட்டும் முறையும் மாறும். மார்ச் மாதம் அஸ்திவாரம் தோண்டுவதாக ஏற்பாடு. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அக்டோபரில்.

இந்தக் கம்பிகளை இணைத்தது யார்? அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் எங்களைக் கட்டிவைத்துச் சொல்லாத குறையாகப் பேராசிரியர் சொல்லும் கதை அது. 1963இல் தானே அந்த ஊருக்குப் போனது, குதிரை வண்டியில் கருவியை ஏற்றியது, லாந்தர் வெளிச்சத்தில் தன் கையாலேயே கம்பிகளை இணைத்து அரக்கு முத்திரை வைத்தது. படமும் காட்டுவார். யானைக்கும் அடி சறுக்கும், அதில் வெட்கம் இல்லை. சறுக்கியதை ஒத்துக்கொள்ளாததற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

சிதம்பரம் அவசரப்படவில்லை. நடுவில் வேறு யாராவது கம்பியைத் தொட்டிருக்கலாம் அல்லவா என்றார். அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் எர்னெஸ்டோ என்ற பள்ளிக்கூட வாத்தியார். தினமும் தாள் மாற்றுவது அவர்தான். அவரோடு கடிதம் எழுதவென்றே சிதம்பரம் ஸ்பானிய மொழி படித்து வைத்திருந்தார். விமானத் தபாலில் எழுதிக் கேட்டார். மூன்று வாரத்தில் ஆய்வக முகவரிக்குப் பதில் வந்தது. 1963இல் பேராசிரியர் ஐயா வைத்த அரக்கு அப்படியே இருக்கிறது, வேறு ஒரு கை அதில் பட்டதில்லை, என் பிள்ளைகள் மேல் ஆணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சிவப்புக் கம்பி எந்தத் திருகில், கறுப்பு எதில் என்று படமும் வரைந்திருந்தார். ஒரு குழந்தை பார்த்தாலும் மாறியிருப்பது புரியும்.

நிலையத்திலிருந்து வருவதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றிப் பாதுகாப்பது என் பொறுப்பு. சிதம்பரம் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கோங்க. என் கையில இருந்தா நானே ஜோடிச்சேன்னு சொல்லுவாங்க. கூட்டத்துல நீங்க எடுத்துக் காட்டுங்க" என்றார். நாளைக்குப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். அந்த நாளை வரவேயில்லை.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்தைக் கூப்பிட்டார். ஆய்வகத்தின் இதழில் திருத்தம் வெளியிடலாம், ஆனால் நிலையத்தில் பிழை என்று அல்ல. அந்த நிலையத்தின் தாள்களைப் படித்தவர் திசைக்குறியைத் தவறாகப் பதிந்துவிட்டார் என்று போடலாம், படித்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்த ஆள் அதைப் பக்கத்து இலைக்காரன் சோற்றில் மறைக்கப் பார்த்தார். ஓரத்தை மடித்து, ஊர் தெரியாமல் படித்த மனிதர், அந்த ஒரு ஊரை மட்டும் ஐந்து வருடமாகத் தவறாகப் படித்தாராம்!

சிதம்பரம் மறுத்தார். அறக்கட்டளையின் செயலாளர் லிண்டமான் அம்மையாரிடம் நேரே போய், கூட்டத்துக்கு நாள் குறித்து ஒரு டெர்மின் வாங்கினார். அந்த அம்மையார் நேர்மையானவர் என்பதை எதிரிகூட ஒப்புக்கொள்வான். டிசம்பர் முதல் வாரம் கூட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சமையலறையில் நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் தரையில் தடியால் தட்டினார். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கடிதத்தை மேசையிலை அடிச்சு வைக்கிறன். அந்தாளின்ரை முகம் போற போக்கைப் பாருங்கோ" என்றேன். அன்றைக்குத்தான் அக்கா முதன்முறையாக என் பேச்சுக்குத் தலையாட்டினார். கண்மணியை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கன்னுதான் தம்பி தைரியமா இருக்கேன்" என்றார்.

கூட்டத்தன்று காலை நடைபாதையில் பேராசிரியர் எதிரே வந்தார். என் வதிவிட அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதற்கான அன்ட்ராக் விண்ணப்பத்தோடு அவர் கடிதமும் வேண்டும். "உங்கள் கடிதம் தயார், என் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். புன்னகையோடு சொன்னார். மிரட்டக்கூட இல்லை! மிரட்டியிருந்தால் எனக்கு ரோஷமாவது வந்திருக்கும்.

நீளமான மேசை. ஒரு பக்கம் பேராசிரியர், மறு பக்கம் சிதம்பரம், நடுவில் லிண்டமான் அம்மையார். சிதம்பரம் வெடியைப் பற்றி விளக்கினார். நாற்பத்திரண்டு தாள்களையும் வரிசையாக வைத்துக் காட்டினார். அம்மையார் கவனமாகக் கேட்டார். "படித்ததில் பிழையா, கம்பியில் பிழையா என்பதுதான் கேள்வி. நிலையத்திலிருந்து எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றார். சிதம்பரம் என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கடிதம் என் நெஞ்சுக்கு மேலே, கோட்டின் உள்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டால் போதும்.

"அப்படி ஒன்றும் எனக்கு வரவில்லை" என்றேன்.

என் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது. நடுங்கியிருந்தால் அந்த அம்மையார் சந்தேகப்பட்டிருப்பார், இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். சிதம்பரம் ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். கையில் கடிதம் இல்லாமல், வந்தது என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மையார் அவரிடம், அந்த வாத்தியாருக்கு மறுபடி எழுதிப் பதில் வாங்குங்கள், அடுத்த கூட்டம் மே மாதம், அதில் முடிவு செய்யலாம் என்றார். மே மாதம்! மார்ச்சில் அங்கே குழி தோண்டிவிடுவார்கள்.

சிதம்பரம் மேசையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு, "படித்தவரின் பிழை என்றே போடுங்கள், ஜனவரி இதழில் வர வேண்டும்" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டார். பேனாவைக் கொடுத்தது பேராசிரியர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் பேராசிரியரிடம் என் கடிதத்தை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குப் போனேன். வாத்தியாரின் கடிதத்தைக் கிழித்துக் கழிவுத் தொட்டியில் போட்டேன். பிறகு நடந்ததைக் கேளுங்கள், என்னைப் போன்றவர்களின் லட்சணம் புரியும். மாலையில் சிதம்பரத்தின் வீட்டுக்குப் போய் அவரையே திட்டினேன். "ஏன் கையெழுத்துப் போட்டனீங்கள்? குட்டக் குட்டக் குனியிறதோ? அந்தாளின்ரை பிழைக்கு நீங்கள் ஏன் தலையைக் குடுக்கிறியள்?" என்று கத்தினேன். திருடியவனே தெருவில் நின்று திருடன் திருடன் என்று கூவியது போலத்தான். அவர் கோபப்படவில்லை. "சத்தம் போடாதீங்க அசோகன், பிள்ளை தூங்குது" என்றார். நான் செய்ததைப் பற்றி அக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அக்கா எனக்குக் காப்பி கொடுத்ததில் தெரிந்தது. கடிதம் எடுபடவில்லை என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி இதழில் திருத்தம் வந்தது. ஆறு வருட உழைப்பில் ஒரு வரியிலும் வராத சிதம்பரத்தின் பெயர், பிழை செய்தவராக முழுதாக வந்தது. பிப்ரவரியில் அந்த ஊர்ப் பொறியாளர்கள் மணலை விட்டுவிட்டு மேட்டுப் பாறைக்கு ஆஸ்பத்திரியை மாற்றினார்கள். நான்கு மாடி இரண்டு மாடியானது. ஜூனில் சிதம்பரத்தின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டார். அந்தத் திருத்தம் அவருக்கு முன்னால் போய் எல்லா வாசலிலும் உட்கார்ந்திருந்தது. வாத்தியாரிடம் இன்னொரு கடிதம் வாங்கி மானத்தை மீட்டிருக்கலாம். நான் அதைக் கேட்டதற்கு, "திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தா அங்க எதையும் நம்பமாட்டாங்க. பழையபடி மணல்லயே கட்டிருவாங்க" என்றார். கடைசியில் பீலெஃபெல்டில் தராசு செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்.

நான் ஆய்வகத்திலேயே இருந்தேன். 'படிக்கத் தெரியாத இந்தியன்' கதையைப் பேராசிரியர் கிறிஸ்துமஸ் விருந்தில் சேர்த்துக்கொண்டார். நானும் விருந்தில் இருந்து கேட்டேன். ஒவ்வொரு காலையும் செய்தித்தாளில் அந்த ஊரின் பெயரைத் தேடினேன். அங்கே பெரிய நடுக்கம் வந்து சிதம்பரம் செய்தது சரியென்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை ஆயிரம் பேர் இருக்கும் ஊர்! அந்த அளவுக்குக் கெட்டுப்போயிருந்தேன். நடுக்கம் வரவில்லை, இதுவரை வரவில்லை. வராத நடுக்கத்துக்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

1976இல் பேராசிரியர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாவில், உரிய நேரத்தில் திருத்தம் வெளியிட்டு ஒரு ஊரைக் காத்த தொலைநோக்கு என்று ஒருவர் பேசினார். அடுத்த சனிக்கிழமையே ரயிலேறி பீலெஃபெல்டுக்குப் போனேன்.

சிதம்பரத்துக்கு நாற்பது வயதுக்குள் தலை நரைத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். கண்மணி பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பாராட்டு விழாவைப் பற்றித் தொடங்கினேன். குரல் தானாகவே உயர்ந்தது. "மேடையிலை இருந்து சிரிக்குது அண்ணை அந்தச் சீவன்! எனக்கு வந்த விசருக்கு..." என்று மேசையைத் தட்டினேன். அப்புறம் என்னாலேயே தாங்க முடியவில்லை. எதற்கு வந்தேனோ அதைச் சொன்னேன். கடிதம் அன்று என் பையில் இருந்ததை, வரவில்லை என்று சொன்னதை, கிழித்துப் போட்டதை எல்லாம் சொன்னேன்.

சிதம்பரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும் அசோகன். அன்னைக்கு உங்க கை கோட்டுப் பைக்குப் போயிட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்தேன். முதல் அசைவைப் பாக்குறதுதானே என் வேலை. விடுங்க, உங்களுக்கும் விசா பிரச்சினை இருந்திச்சு" என்றார்.

கனகவல்லி அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. எட்டு வருடமாகத் தெரிந்திருக்கவில்லை. கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். கணவரை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். அழுவார், விரட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"எங்க அடுப்படில நின்னு கத்துனீங்களே தம்பி, அதுல பாதி வேண்டாம்" என்றார். "ஒரு பேச்சு அந்த ரூம்ல பேசியிருந்தாப் போதும்."

குரலை உயர்த்தாமல் சொன்னார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.